அமுக்குவான்

நம் நாட்டிற் பேய்களுக்குக் குறைவில்லை. முனி, மோகினி, குறளி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு என அவற்றின் வரிசை நீண்டுகொண்டே செல்லும். ஆயினும் அவற்றுள் யாதொன்றையேனும் நேரிற் கண்டவர் யாவரென்று வினவின், "எங்கள் பாட்டனார்க்குத் தெரிந்த ஒருவர் கண்டிருக்கின்றார்" என்பதற்கு மேற்பட்ட சான்று கிடைப்பது அரிது. இவ்விதிக்கு விலக்காக ஒரு பேய் உண்டு. அதனைக் கண்ணாரக் கண்டவரும், அதன் பளுவைத் தம் மார்பிலே தாங்கியவரும் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். இப்பக்கத்தைப் படிக்கும் நேயர்களுள்ளும் சிலர் இருப்பர். அதன் பெயர் அமுக்குவான் பேய். அமுக்குப் பேய் என்பாரும் உளர். சுடுகாட்டில் திரிதல், புளியமரத்திற் குடியிருத்தல், வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டல் முதலிய தொழில்கள் அதற்கு இல்லை. உறங்குவோர் மார்பின்மீது ஏறி அமர்தல் ஒன்றே அதன் தொழில். அத்தொழிலை அது செவ்வனே செய்யும் என்பதற்கு யானே சான்று.

யான் அம்பத்தூரிற் பிறந்து வளர்ந்தவன். என் பதினேழாம் அகவையில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில், அமுக்குவான் முதன்முதலாக என்பால் வந்தான். அன்று தொட்டு இன்றளவும் மாதம் இருமுறையோ மும்முறையோ வருகின்றான். பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணியை ஒட்டியே அவன் வருகை. கண் விழித்துவிடுகின்றேன். மேலே மின்விசிறி சுழல்வது தெரிகின்றது. சுவரில் திருச்சபை நாட்காட்டி தொங்குவது தெரிகின்றது. தொலைவில் மின்சார ரயில் செல்லும் ஓசை கேட்கின்றது. கீழே பாயில் தங்கை புரண்டு படுப்பதும் கேட்கின்றது. இத்துணையும் மெய். ஆனால், கையை எடுக்க நினைத்தாற் கை வாராது. காலை மடக்க நினைத்தாற் கால் வாராது. நாவோ வாயினுள் ஈயக்கட்டியாய்க் கிடக்கும். "அம்மா" என்று கூவுகின்றேன்; கூவியதாக எனக்குத் தோன்றுகின்றதே யன்றி ஓசை யாதும் எழுவதில்லை. அவ்வேளையில், வாயிற்படியருகே ஒருவர் நிற்கின்றார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகின்றது. பார்த்து அறிவதன்று, தெரிந்துவிடுகின்றது. இருட்டில் ஒருவர் நம்மை உற்று நோக்குங்கால் முதுகு அறியுமே, அவ்வாறு.

சிலபோது அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். சிலபோது நெருங்கி வருவார். கட்டிலின் கால்மாடு சற்றே தாழும். பிறகு பளு மேலேறும். முழங்கால், வயிறு, மார்பு என்று ஒவ்வொன்றாக. மூச்சு உள்ளே செல்ல மறுக்கும். "இம்முறை சாவுதான்" என்று ஒவ்வொரு முறையும் ஐயமின்றி நினைக்கின்றேன். முந்திய முறைகளிற் சாகவில்லை என்னும் நினைவு அப்போது சிறிதும் உதவுவதில்லை. இதனினும் கொடியதொரு காட்சியும் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கட் பெருமழையில் அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கங்களில் வெள்ளம் வீடுகளினுள் புகுந்ததை நேயர் பலர் மறந்திரார். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டினுள்ளும் கட்டில் உயரத்துக்கு நீர் நின்றது. அரிசிப்பானை மிதந்து சென்று கதவில் முட்டியது. அந்நீர் வடிந்து எட்டாண்டு கழிந்த பின்னர் என் உறக்கத்தினுள் மீண்டும் புகுந்தது. கட்டுண்டு கிடக்கும் யான், கட்டிலைச் சுற்றிக் கருநீர் ஏறுவதையும், அந்நீரில் முழங்கால் அளவு நனைந்தபடி ஒருவர் நிற்பதையும், பானை கதவில் முட்டும் ஓசையையும் ஒருங்கே அறிகின்றேன். தீர்ந்தபின் கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு நிமிடமும் சென்றிராது.

நிற்க. அமுக்குவானோடு கூடப்பிறந்தது கனவு. அவன் வரும் வாரங்களில் என் கனவுகள் பகலினும் தெளிவாக இருக்கும். நிறம் உண்டு, மணம் உண்டு, சட்டைப்பையில் சில்லறை குறைவதும் உண்டு. இவற்றுள் என்னைப் பெரிதும் அலைக்கழிப்பது, கனவினுள்ளேயே விழித்தெழும் கனவு. எழுகின்றேன், பல் துலக்குகின்றேன், அம்பத்தூர் நிலையத்தில் ரயிலேறுகின்றேன், வில்லிவாக்கத்தில் கூட்டம் நெருக்குகின்றது, கல்லூரி சேர்ந்து தொல்காப்பிய வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுக்கின்றேன், மணி அடிக்கின்றது, அம்மணியோசையில் என் கட்டிலில் விழித்துக்கொள்கின்றேன். அன்றைய வகுப்புக்கு இரண்டாம் முறை செல்லவேண்டியிருக்கும். வருகைப் பதிவேட்டில் முதன்முறைக்கு மதிப்பில்லை என்பது வருந்தத்தக்கதே.

இவற்றை ஈராண்டுக் காலம் யான் எவரிடமும் உரைத்திலேன். எங்களது செபம் தவறாத வீடு. இரவிலே ஒன்று வந்து மார்பில் அமர்கின்றது என்று அத்தகைய வீட்டில் ஒருவன் சொல்வானாயின், அடுத்த வினா அவனுடைய உடம்பைப் பற்றியதாக இராது. அவனுடைய ஆன்மாவைப் பற்றியதாகவே இருக்கும். ஆவடிப் பக்கத்தில் மருத்துவர் ஒருவரிடம் காய்ச்சலுக்குச் சென்றபோது இதனையும் மெல்லக் கூறிப் பார்த்தேன். அவர் சீட்டினின்று கண்ணெடாமலே, "பேய்ப் படம் பார்ப்பதை நிறுத்து, தம்பி" என்றார். யான் பேய்ப் படம் பார்ப்பவனல்லேன். பார்க்குந் துணிவும் இல்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் என் தங்கைக்கும் இது வந்தது. அவளுக்கு வயது பதினைந்து. விடியலில் விழித்தவள் வெகுநேரம் பேசாதிருந்து, பின்னர் ஓவென்று அழுதாள். கறுத்த ஓர் உருவம் தன் கழுத்தைப் பிடித்தது என்றாள். மூன்று நாள் சென்று மறுபடியும். அதன்பின் அவள் உறங்க அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கத் தொடங்கினாள். விழித்திருக்க விழித்திருக்க அது அடிக்கடி வந்தது. அண்டை வீட்டார் வேப்பிலையும் மந்திரித்த கயிறும் கூறினர். எங்கள் ஆயா பாக்குவெட்டியைத் துணியிற் சுற்றி அவள் தலையணையின்கீழ் வைத்தார்; இரும்பைக் கண்டால் அமுக்குவான் அணுகான் என்பது பழைய வழக்கு. அம்மா அதன்மேல் வேதாகமத்தை வைத்தார். தலையணை மேடாயிற்றே யொழிய வேறு பயனில்லை. இறுதியில், பூந்தமல்லிக்கு அப்பால் பேயோட்டுவோர் ஒருவர் உளர் என்றும், அங்கே பெண்ணை மூன்று நாள் உண்ணாநோன்பு இருத்திச் செபிப்பர் என்றும் உறவினர் ஒருவர் கூற, அம்மா அடுத்த சனிக்கிழமை அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தார். தங்கை என்னிடம், "அண்ணா, என்னுள் ஏதேனும் புகுந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவ்வினா கேட்ட நாள் திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

அவ்வைந்து நாளும் கல்லூரி முடிந்தபின் நூலகத்திற் கழித்தேன். தமிழ் மாணவனாதலின் முதலிற் சொல்லையே தேடினேன். கண்டது வியப்பூட்டியது. துருக்கியர் இதனைக் 'கரபாசான்' என்பர். 'கருத்த அமுக்குவான்' என்பதே அதன் பொருள். ஜெர்மானியர் 'ஆல்ப்' என்னும் குறும்பேயின் அழுத்தம் என்று பொருள்பட 'ஆல்ப்துருக்' என்பர். இலத்தீனத்து 'இன்குபோ' மேலே படுப்பது; கிரேக்கத்து 'எபியால்தேஸ்' மேலே பாய்வது. ஜப்பானியர் 'கனசிபாரி' என்பர்; இரும்பாற் கட்டுண்ட நிலை என்பது கருத்து. கனடா நாட்டு நியூபவுண்ட்லாந்துத் தீவினர் கிழவி ஒருத்தி வந்து அமர்வதாகக் கூறுவர். ஆங்கிலத்து 'நைட்மேர்' என்னும் சொல்லின் பின்பாதி குதிரையைக் குறிப்பதன்று. உறங்குவோர் மார்பில் அமரும் பழம்பேய் ஒன்றின் பெயர் அது. ஹென்றி பியூசெலி என்னும் ஓவியர் 1781இல் தீட்டி, அடுத்த ஆண்டு இலண்டனிற் காட்சிக்கு வைத்த படத்தின் படி ஒன்றையும் பார்த்தேன். மல்லாந்து உறங்கும் மங்கையின் மார்பிலே குந்தியிருப்பது ஐரோப்பியக் குட்டிச்சாத்தான். ஆயினும் அது குந்தியிருக்கும் இடம் எங்கள் அம்பத்தூர் அமுக்குவானுடைய இடமேயாம். ஒருவரையொருவர் காணாத இத்தனை மக்களும் ஒரே பொய்யைப் புனைந்திருக்க இயலாது. எல்லோரும் கண்டது ஒன்று இருத்தல் வேண்டும்.

நம் நூல்களுள் துருவினேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்தில் துஞ்சல், அரற்று, கனவு என மூன்றையும் அடுத்தடுத்து வைக்கின்றார். அதே நிரலிற் சற்றுத் தள்ளி வெரூஉதல், உயிர்ப்பு, கையாறு, நடுக்கு என்பனவும் வருகின்றன. இந்நிரலைத் தேர்வுக்கென உருப்போட்ட காலத்தில் இது யாருடைய அனுபவம் என்று யான் எண்ணியதில்லை. அன்று மாலை நூலக மேசையில் அது என் விடியற்காலையின் நாட்குறிப்பாகவே தோன்றிற்று. கையாறு என்பது செயலற்ற நிலை. அச்சொல்லினும் பொருத்தமானது எனக்குப் பிறமொழியில் அகப்படவில்லை. யோபுவின் புத்தகத்து 4ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் தான் இரவிற் கண்ட தரிசனத்தைக் கூறுமிடத்தையும் எடுத்துப் படித்தேன். அயர்ந்த நித்திரை, நடுக்கம், மயிர் சிலிர்த்தல், எதிரே நின்றும் முகம் அறியவொண்ணாத ஓர் உரு, அதன்பின் அமைதி. எலிப்பாஸுக்கு நேர்ந்தது இதுவே என்று கூறத் துணியேன். வேதசாத்திரம் பயில்வோர் சினப்பர். ஆயினும் அவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவேண்டுமென்று தோன்றியது.

இனி, மருத்துவ நூலார் கூறுவது. அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல் 1876இல் இந்நிலையை விவரித்தார். இலண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1928இல் 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று பெயரிட்டார்; உறக்க முடக்கம் என்று நாம் கூறலாம். பெயர் வந்ததேயன்றிக் காரணம் வரவில்லை. காரணம் விளங்குதற்கு, உறக்கம் ஒரு தன்மைத்தன்று என்பது முதலில் விளங்கவேண்டியிருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் மாணவரும், அவர்தம் ஆசிரியர் நதானியல் கிளைட்மனும், உறங்குவோருடைய மூடிய இமைக்குள் கண்மணிகள் விரைந்து உருளும் காலம் ஒன்று உண்டென 1953இல் வெளியிட்டனர். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறையாக, ஓர் இரவில் நான்கைந்து தடவை இந்நிலை வந்து செல்கின்றது. விடியலை நெருங்க நெருங்க அது நீளும். தெளிந்த கனவுகள் பெரும்பாலும் இந்நிலையினவே. (என் விருந்தினன் நான்கு மணியைத் தேர்ந்தெடுத்ததன் மருமம் இவ்விடத்து எனக்கு விளங்கிற்று.)

இந்நிலையில் மூளை விழித்திருப்பவனுடைய மூளையைப்போல் இயங்கிக்கொண்டிருக்க, உடலின் தசைகள் முற்றத் தளர்ந்து கிடக்கின்றன. மூளைத்தண்டிலிருந்து செல்லும் ஆணை ஒன்று, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை வாயடைத்துவிடுகின்றது. கண்ணை அசைக்குந் தசைகளுக்கும், மூச்சுக்குரிய உதரவிதானத்துக்கும் மட்டுமே விலக்கு. இக்கட்டு எதற்கு? பிரான்சு நாட்டு லியோன் நகரத்து அறிஞர் மிஷெல் ஜூவே என்பவர், பூனைகளின் மூளைத்தண்டில் அவ்வாணை பிறக்கும் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். அப்பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து நின்று, இல்லாத இரையின்மேற் பாய்ந்தன. மனிதருள்ளும் இக்கட்டு அவிழ்ந்துபோவோர் உளரென்பதை அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹவால்ட் என்னும் மருத்துவர்கள் 1986இல் எடுத்துக்காட்டினர். அத்தகையோர் கனவிற் கண்ட பகைவனை அடிப்பதாக எண்ணி அருகிற் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுவர். ஆகவே நம்மைக் கட்டி வைப்பது காவலே. நாள்தோறும் நம் எல்லோரையும் அது கட்டி அவிழ்க்கின்றது, நாம் அறிவதில்லை. எப்போதாவது கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொள்ளுமாயின், அவ்விடைவெளியிலேதான் அமுக்குவான் பிறக்கின்றான். விலாவெலும்புகளிடைத் தசைகள் தளர்ந்திருத்தலின் ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்வோனுக்கு மார்பு இணங்காது, அதுவே பளு. கனவு முற்றும் கலையாமையால் அறையினுள்ளேயே கனவின் உருக்கள் உலவும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துச் செய்ன் என்பவரும் அவர் குழுவினரும் 1999இல் இக்காட்சிகளை மூன்றாக வகுத்தனர்: அயலார் ஒருவர் அறையில் இருத்தல், மார்பில் அழுத்தம், மிதத்தலும் விழுதலும். முதலிரண்டும் எனக்கு வாய்த்துள்ளன. மிதத்தல் இன்னும் வாய்க்கவில்லை.

இவற்றினும் என் நெஞ்சில் தைத்தது ஓர் எண். ஏறத்தாழ 36,000 பேரிடம் முன்னர் நடந்த ஆராய்ச்சிகள் பலவற்றைத் திரட்டி ஷார்ப்ளஸ், பார்பர் என்னும் இருவர் 2011இல் வெளியிட்ட கணக்கு அது. பொதுமக்களுள் நூற்றுக்கு 7.6 பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அறிந்தவர். மாணாக்கருள்ளோ நூற்றுக்கு 28.3 பேர். உறக்கம் குறைதலும், நேரந்தவறிப் படுத்தலும், மல்லாந்து கிடத்தலும் இதனை அழைப்பனவாதலின், தேர்வு எழுதும் சாதிக்கு இது மிகுதல் இயல்பே. மறுநாட் காலை கல்லூரிக் கூட்டத்தில் வரிசை வரிசையாய் அமர்ந்திருந்த தலைகளை யான் எண்ணத் தொடங்கியது இதனால்தான். பத்துப் பேர் கொண்ட ஒரு வரிசைக்கு ஏறக்குறைய மூவர். எந்த மூவர்?

வெள்ளிக்கிழமை இரவு உணவு முடிந்தபின், தங்கையை அழைத்துச் செல்லும் பேச்சை அம்மா எடுத்தார். யான், "எனக்கும் ஈராண்டாக வருகின்றது" என்றேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். யான் படித்தவற்றை இயன்றவரை எளிதாக எடுத்துரைத்தேன். பூனையின் கதையைத் தங்கை இருமுறை கேட்டாள். அம்மாவுக்கு ஐயம் நீங்கவில்லை; "படித்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறீர்கள்" என்றார். அப்போது, அதுவரை வாய் திறவாதிருந்த அப்பா பேசினார்.

அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையிற் பணி செய்பவர். 1964இல் அப்பேட்டை தொடங்கிய நாள்தொட்டு எங்கள் ஊருக்கு இரவு என்பது ஒன்றாக இல்லை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் நைட் ஷிப்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். "எனக்கும் வரும்," என்றார் அப்பா. "நைட் ஷிப்டு முடித்துப் பகலில் படுத்தால் வரும். பதினோரு வருஷம் ஆகிறது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார் அம்மா.

"சொல்லி? மிஷின் முன்னால் நிற்கிறவன் பேய் பிடித்தது என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்?"

பதினோராண்டு! நண்பகல் வெயிலில், தெருவிற் காய்கறி விற்பவன் கூவிச் செல்ல, எங்கள் அப்பா கூடத்திற் கண்விழித்தபடி கட்டுண்டு கிடந்திருக்கின்றார். அவர் உறங்குகின்றார் என்று யாங்கள் அடிமேல் அடிவைத்து நடந்திருக்கின்றோம். இத்தன்மை குடும்பத்தின் வழியும் வரக்கூடுமென்று இங்கிலாந்தில் இரட்டையரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. அதனை யான் சொல்லி முடிக்குமுன், மூலையிற் காலை நீட்டி அமர்ந்திருந்த ஆயா நகைத்தார்.

"இதற்குத்தானா இத்தனை பேச்சு? எனக்கு உன் தாத்தா போன வருஷத்திலிருந்து வருகிறது," என்றார். எங்கள் தாத்தா காலமானபோது எனக்கு ஏழு வயது. "பூந்தமல்லி வீட்டில் முதலில் வந்தது. விடியற்காலையில் கால்மாட்டில் வந்து உட்காருவார். கட்டில் தாழும். அவர் கனத்த ஆள் அல்லவா? மேலே கை வைப்பார். மூச்சு முட்டும். நான் சும்மா கிடப்பேன். அசைந்தால் போய்விடுவாரே."

எவரும் பேசவில்லை. பாக்குவெட்டி எங்கள் தலையணைகளின்கீழ் வந்ததேயன்றி, ஆயாவினுடைய தலையணையின்கீழ் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மரித்தோர் வந்து கட்டிலில் அமர்வர் என்பது திருச்சபைப் போதனைக்கு ஒவ்வாது, அதனை ஆயாவும் அறிவார், ஞாயிறு தவறாதவர்.

சிறிது பொறுத்து ஆயா என்னைப் பார்த்து, "நீ படித்ததில் என்ன போட்டிருக்கிறது? அவர் இல்லையா அது?" என்று கேட்டார். அசெரின்ஸ்கியையும் கிளைட்மனையும் ஐந்து நாள் படித்தவன் அவ்வினாவுக்கு விடை தேடினேன். "மூச்சு நின்றுவிடாது ஆயா, அதற்கு அஞ்சவேண்டாம் என்று போட்டிருக்கிறது" என்றேன். "அஞ்சினது யார்?" என்றார் ஆயா.

மறுநாட் சனிக்கிழமை பூந்தமல்லிப் பயணம் நின்றது. அதற்கு மாறாகத் தங்கையை வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பகலில் திடீரென உறக்கம் வந்து வீழ்த்துகின்றதா, சிரிக்கும்போது முழங்கால் தளர்கின்றதா என்று வினவினார். அவ்வாறாயின் நார்கோலெப்சி என்னும் வேறொரு நோயாக இருக்கக்கூடும் என்பதற்காக. இரண்டும் இல்லை என்றாள். நாள்தோறும் ஒரே நேரத்திற் படுத்து ஒரே நேரத்தில் எழுக, மல்லாந்து படுக்காதிருக்க, அது வருங்கால் முழுவுடம்பையும் அசைக்கப் போராடாது கால்விரல் ஒன்றை மட்டும் அசைக்க முயல்க என்றார். கண்ணைக் கட்டு தீண்டாது என்று யான் சொன்னதை அவள் விடாது பற்றிக்கொண்டாள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், கனவு காண்பதைக் கனவிலேயே உணர்ந்த ஒருவர், முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கண்ணை இடமும் வலமுமாய் அசைத்து, விழித்திருந்த ஆராய்ச்சியாளர் கீத் ஹெர்னுக்குக் குறி காட்டினார் என்னும் செய்தி அவளை மிகவும் கவர்ந்தது. இப்போதெல்லாம் உருவம் வரின் அவள் கண்ணை இடமும் வலமும் ஓட்டுகின்றாளாம். அது நாணி நின்றுவிடுகின்றதாம். இதற்கு மருத்துவச் சான்று யாதுமில்லை. ஆயினும் அவள் உறங்குகின்றாள்.

அப்பாவின் காரியம் எளிதன்று. ஷிப்டை மாற்ற அவரால் இயலாது. உறக்கத்தில் மல்லாந்துவிடுவதைத் தடுக்க, சட்டையின் முதுகில் ஒரு பந்தைத் தைத்துக்கொள்ளும் வழக்கம் மேல்நாட்டில் உண்டென்று யான் கூறினேன். பந்து எங்கள் வீட்டில் இல்லை. ஆயா தம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவின் பழைய பனியன்கள் இரண்டின் முதுகில் சிறு பை வைத்துத் தைத்து, அதனுள் கொட்டைப்பாக்கு ஏழெட்டு இட்டு வாயை மூடினார். தங்கைக்கும் எனக்கும் அவ்வாறே ஒவ்வொன்று. என்னுடையதைத் தடவிப் பார்த்தபோது பாக்குகளினிடையே நீண்டதொரு பொருள் தட்டுப்பட்டது. பூந்தமல்லி வீட்டுப் பழைய சாவி. இரும்பு.

"உனக்கு ஒன்று தைத்துக்கொள்ளவில்லையா, ஆயா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதற்கு?" என்று ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆயா மல்லாந்து படுத்தார்.